ஸ்கின் கலர் லைனிங்

கிருபாவுக்குப் பயம் வருவதற்கென்று தனியாக ஒரு காரணம் தேவைப்பட்டதில்லை. கேஸ் சிலிண்டரை மூடினோமா இல்லையா என்ற சந்தேகத்தில், ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் வரைக்கும் வந்துவிட்ட ஆட்டோவைத் திருப்பச் சொன்னவள். கணவர் எலியேசர் இரண்டு முறை போனை எடுக்காவிட்டால் போதும். தண்டவாளம், ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி என்று வரிசையாக யோசித்து, அவர் திரும்பக் கூப்பிடுவதற்குள் அடக்க ஆராதனைக்கு எந்தப் பாட்டு என்பது வரைக்கும் போய்விடுவாள். "நீ ஜெபம் பண்றியா, இல்ல ஆண்டவருக்கு ஐடியா குடுக்கறியா?" என்று அவர் கேட்பார். அவளுக்குச் சிரிப்பு வரும். பயம் மட்டும் போகாது.

இப்படிப்பட்ட ஒருத்தி பதினேழு வருஷமாக பியூட்டி பார்லர் நடத்துகிறாள் என்பதுதான் வேடிக்கை. அடுத்தவர் முகத்தில் கை வைக்கிற தொழில். புருவத்தில் நூல் ஒரு இழுப்பு தப்பினால் ஒரு மாதம் ஊரெல்லாம் பார்க்கும். ஜங்ஷனிலிருந்து உள்ளே போகிற தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடிப்படி ஏறியதும் அவள் பார்லர். இரண்டு நாற்காலி, ஒரு ஃபேஷியல் கட்டில், காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, வாசலில் தடித்த பச்சைத் திரை. திரை இருப்பதால் பர்தா போட்ட பெண்கள் நிம்மதியாகத் தலையைத் திறந்து உட்காருவார்கள். திருநங்கைகள் இரண்டு பேர் மாதாமாதம் வருவார்கள். அவர்கள் முதன்முதலாக வந்தபோது மற்ற கஸ்டமர்கள் என்ன சொல்வார்களோ என்று கிருபா பயந்தாள். ஒருத்தி முகத்தைச் சுளிக்கவும் செய்தாள். "உங்களுக்கு வேற நாள் டைம் தரேங்க" என்று கிருபா நடுங்கிக்கொண்டே சொல்லி, சுளித்தவளைத்தான் கீழே அனுப்பினாள். அன்று ராத்திரி அவளுக்குக் காய்ச்சல்.

அவளுக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: நாப்பத்தெட்டு அக்கா. கிரீமோ, பிளீச்சோ, ஹேர் டையோ, எதுவாக இருந்தாலும் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு தடவி, நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துக் கையைக் காட்டச் சொல்வாள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் முகம். சாயங்காலம் ஃபங்ஷனை வைத்துக்கொண்டு மத்தியானம் வருகிறவர்கள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு வேறு பார்லருக்குப் போவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

அந்தப் பழக்கம் வந்த கதையை அவள் யாரிடமும் சொல்வதில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்டி என்று ஒரு கல்யாணப் பெண் வந்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள். "இன்னும் கொஞ்சம் கலர் வரணும்க்கா" என்று கேட்டாள். பிளீச் கிரீமில் பவுடரைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் கலந்தாள் கிருபா. எரியுது என்று பெண் சொன்னபோது, "லேசா எரியத்தான்மா செய்யும்" என்றும் சொன்னாள். துடைத்தபோது இடது கன்னத்துத் தோல் பஞ்சோடு வந்தது. கல்யாணம் நடந்தது. குழந்தைகளும் பிறந்தன. கன்னத்தில் கருத்த தழும்பு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. கிருபா போகிற அதே சபைக்குத்தான் கிறிஸ்டியும் வருகிறாள். மூன்று வரிசை முன்னால் உட்காருகிறாள். "ஸ்தோத்திரம்க்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் கிருபா கொஞ்சமாவது தூங்கியிருப்பாள்.

கன்னத்தோடு நின்றதா பயம் என்றால் இல்லை. இந்த வாஷ்பேசின் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருநாள் யோசிக்க ஆரம்பித்தாள். தெருச் சாக்கடை, அதிலிருந்து பெரிய கால்வாய், அங்கிருந்து ஏரி. ஏரியில் நுரை மிதப்பதைப் பார்த்தால் அது தன் பார்லர் ஷாம்புதான் என்று அவளுக்குத் தோன்றும். அன்றிலிருந்து பஞ்சும் டிஷ்யூவும் நின்று, கொதிக்க வைத்துக் காயப்போடுகிற பருத்தித் துணிகள் வந்தன. கஸ்டமர்கள் காலி பாட்டிலைக் கொண்டுவந்து ஷாம்பு நிரப்பிக்கொண்டு போகலாம் என்றானது. காலாவதியான பிளீச், டை எதையும் யாரும் சாக்கடையில் கொட்டக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. தன்னிடம் கொடுத்தால் மூடி போட்ட ஒரு பக்கெட்டில் சேர்த்து, அதை முறையாக எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம் தானே ஒப்படைத்துவிடுவாள். எலியேசர் அந்த பக்கெட்டுக்குப் பாவ அறிக்கை என்று பெயர் வைத்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜென்சி வந்தாள். அஸ்தினாபுரத்துப் பெண், வயது இருபத்தொன்பது, பெருங்குடியில் ஒரு ஐ.டி. கம்பெனி. சனிக்கிழமை பத்தரை மணிக்குச் சர்ச்சில் கல்யாணம். சபையில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு வாசித்தாகிவிட்டது. கூடவே அவளுடைய அம்மா ஈவ்லின், ரிட்டயர்டு டீச்சர். நாலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்த அம்மா. ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். தாயும் மகளும் ஒரே அச்சு. மூக்கு, நெற்றி, உயரம் எல்லாம் ஒன்று. நிறமும் ஒன்று. நல்ல கறுப்பு, அம்மா ஒரு பிடி கூடுதல்.

ஜென்சி பையிலிருந்து கல்யாண ஜாக்கெட்டை எடுத்து விரித்தாள். வெள்ளை நெட் துணி, முத்து வேலை, முழங்கை தாண்டிய கை. வலை மாதிரி இருக்கிற நெட்டுக்குள் உடம்பு தெரியாமலிருக்க, தோளிலும் கையிலும் உள்ளே லைனிங் கொடுத்துத் தைத்திருந்தார்கள். ஜென்சி அதைச் சுடிதார் மேலேயே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். தோளிலிருந்து முழங்கை தாண்டுகிற வரைக்கும் ரோஸ் கலந்த சந்தன நிறம். அதற்குக் கீழே அவளுடைய சொந்தக் கை.

"போட்டிக்காரி கிட்ட போன்ல சொன்னேன்க்கா, உள்ள ஸ்கின் கலர் லைனிங் குடுங்கன்னு. அவ ஸ்கின் கலர்தான் குடுத்திருக்கா. அவ மேல தப்பு இல்ல. வேற எவளோ கைய வாங்கி ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கேன்" என்றாள் ஜென்சி. போட்டிக் என்றால் அந்த ஜாக்கெட் தைத்த கடை. "அதனால ஒண்ணே ஒண்ணுதான் வழி. மூஞ்சி, கழுத்து, கை மூணுக்கும் பிளீச் பண்ணி, மேல ரெண்டு ஷேடு ஏத்தி மேக்கப் போட்டுடுங்க. பிளீச் நானே நல்ல பிராண்டா வாங்கிட்டு வந்துட்டேன். ரெண்டு பாக்கெட். அம்மா பையில இருக்கு."

கிருபாவுக்குப் பயம் வந்துவிட்டது. பயத்துக்கு நடுவிலும் ஒரு ஆச்சரியம். இந்த ஜென்சியைத்தான் மகளிர் தினத்தன்று போனில் பார்த்திருந்தாள். கம்பெனியில் எல்லா நிறத்தவரையும் எல்லா வகையினரையும் சமமாக நடத்த ஒரு கமிட்டி இருக்கிறதாம். அதில் இவள் உறுப்பினர். மேக்கப் இல்லாத முகத்தோடு ஒரு படம் போட்டு, 'என் நிறம் என் பெருமை' என்று எழுதியிருந்தாள். கிருபாவும் அதற்கு ஒரு ஹார்ட்டின் போட்டிருந்தாள்.

"நீங்களே அப்படி எழுதினீங்களேம்மா" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எழுதினேன்க்கா. அது நெஜம்தான். ஆனா கல்யாண ஆல்பம் வேறக்கா." ஜென்சி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாப்பிள்ளை வீட்டுல முதல் நாள் வந்தப்ப அவங்க பெரியம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'பொண்ணு அப்படியே அம்மாவ உரிச்சு வச்சிருக்கா'ன்னாங்க. அத சிரிச்சுக்கிட்டே சொல்லல. அப்பா கலர் வந்திருந்தா இந்தப் பேச்சே இல்ல. அம்மா கலர் அப்படியே வந்து உக்காந்துடுச்சு. நீங்க நம்ம கலர்தானேக்கா, உங்களுக்குப் புரியும்னுதான் இங்க வந்தேன்."

பெஞ்சில் ஈவ்லின் பையின் காதை மடித்து விரித்துக்கொண்டிருந்தார்.

பிளீச் போட மாட்டேன் என்று கிருபா சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்தப் பெண் நேராகக் கீழே இறங்கி அடுத்த தெரு பார்லருக்குப் போவாள். அங்கே யாரோ ஒருத்தி பவுடரைத் தூக்கலாகப் போடுவாள். போடுகிறேன் என்றால் தன் கையாலேயே நடக்கும். எந்தப் பக்கம் போனாலும் ஒரு கன்னம்தான் கண் முன்னால் வந்தது. கடைசியில் அவள் வழக்கமான கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"டெஸ்ட் பண்ணாம நான் போட மாட்டேன்மா. நாப்பத்தெட்டு மணி நேரம்."

"சனிக்கிழமை விடிகாலை மேக்கப்புக்கா! நாளைக்கே பிளீச் போட்டாத்தான் மூஞ்சி செட்டாகும்."

பேரம் நடந்தது. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக நாற்பத்தெட்டு இருபத்துநாலாக இறங்கியது. ஈவ்லினின் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை வாங்கி, துளி கிரீமும் துளி பவுடரும் கலந்து, ஜென்சியின் முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடவினாள். "எவ்ளோ நேரம் வைக்கணும்?" என்று ஜென்சி கேட்டாள். "பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூடாது. கூட வச்சா கூட வெளுக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. வெளுக்காது, வேகும்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். துடைத்து அனுப்பினாள். மீதி பாக்கெட் பைக்கே திரும்பிப் போனது.

அன்று முழுக்க அவள் செய்த ஜெபத்தை வெளியே சொன்னால் வெட்கம். எத்தனையோ முழங்கைகளுக்காக 'ஆண்டவரே, சிவக்கக் கூடாது' என்று வேண்டியவள், அன்றைக்கு, 'ஆண்டவரே, இந்தப் பெண்ணுக்குக் கொஞ்சமாவது சிவக்கணும், ஒரு நாலு கொப்புளம் வந்தாலும் பரவாயில்ல' என்று வேண்டிக்கொண்டிருந்தாள். எலியேசர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஜென்சி கையை நீட்டினாள். சிவப்பில்லை, அரிப்பில்லை, ஒரு புள்ளி கிடையாது. பூனைமயிரெல்லாம் பொன்னிறமாகி, தோலும் கொஞ்சம் வெளிறி, நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு இடம் மட்டும் தனியாகத் தெரிந்தது.

"பார்த்தீங்களா, வேலை செய்யுது!" ஜென்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மா, பாரும்மா!"

ஈவ்லின் எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மகளின் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமாடி" என்றார். திரும்பப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

இப்போது ஒளிந்துகொள்ளக் கதவு இல்லை. கிருபா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜென்சிக்கு எதிரில் உட்கார்ந்து, பதினொரு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள். கிறிஸ்டியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. பஞ்சில் வந்த தோலைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரத்தைச் சொன்னாள். குரல் உடைந்தது, உடைந்ததற்கு அவள் வெட்கப்படவில்லை.

"கஷ்டமா இருக்குக்கா" என்றாள் ஜென்சி. "ஆனா எனக்கு ஒண்ணும் ஆகலையே. அப்புறம் இந்தக் கைக்கு என்ன பண்றது சொல்லுங்க. மூஞ்சி ஒரு கலர், தோள் ஒரு கலரா நான் சர்ச்ல ஆல்டர் முன்னாடி நிக்கணுமா?"

அவள் ஜாக்கெட்டைத் தூக்கிக் கிருபாவின் மடியில் போட்டாள். கிருபா நெட்டுக்குள் கைவிட்டு லைனிங்கை விரலால் பிடித்துப் பார்த்தாள். அந்த வெளிறிய துணிமேல் அவளுடைய கறுத்த விரல்கள். ஸ்கின் கலர். உள்பாவாடைக்கு, லெகின்ஸுக்கு, கையில் சுற்றுகிற கிரேப் பேண்டேஜுக்கு, எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவளும் முப்பது வருஷமாகக் கடையில் கேட்டு வாங்கியிருக்கிறாள். யாருடைய ஸ்கின் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவள் வீட்டில், அவள் தெருவில், அவள் சபையில் அந்த நிறத்தில் ஒரு ஆள் கிடையாது. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"ஏம்மா, துணியில தப்பு இருந்தா துணியத்தானே மாத்தணும்? மூஞ்சிய எதுக்கு மாத்தறோம்?" என்றாள். "லைனிங்க பிரிச்சுட்டு உங்க கலர்ல வேற லைனிங் வைக்கலாம். நேரம் இருக்கு. தாம்பரத்துல மேட்சிங் சென்டர் இருக்கு, தெரு முனையில ஹனீஃபா அண்ணன் இருக்காரு. வாங்க."

"என் கலர்லயா? அப்படில்லாம் கிடைக்குமாக்கா?"

"கேட்டுப் பார்க்கலாம். கேட்டா என்ன?"

ஜென்சியின் ஸ்கூட்டரில் இரண்டு பேர்தான் போகமுடியும். "நீங்க போயிட்டு வாங்க. நான் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போறேன், ஊர்லேர்ந்து ஆளுங்க வருவாங்க" என்றார் ஈவ்லின். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

மேற்குத் தாம்பரத்தில் அந்தக் கடை ஒரு நீளமான கூடம். இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஜாக்கெட் துணியும் லைனிங்கும் மடித்து அடுக்கியிருக்கும். புடவையின் ஓரத்தைக் கொடுத்தால் அதற்குப் பொருந்துகிற துணியை எடுத்துத் தருவதுதான் அங்கே தொழில். கவுன்டரில் பத்ரிநாராயணன் என்பவர். நெற்றியில் நாமம், காதில் பேனா. முப்பது வருஷமாக நிறம் பார்த்தே கண் பழுத்தவர்.

"புடவைய எடுங்கோ" என்றார்.

"புடவைக்கு இல்லைங்க." கிருபா ஜென்சியின் கையைக் காட்டினாள். இவர் சிரித்துவிட்டால் இந்தப் பெண் நேராக பிளீச்சுக்குத்தான் திரும்புவாள். "இவங்க கைக்கு மேட்ச் பண்ணணும். ஸ்கின் கலர் லைனிங். இவங்க ஸ்கின் கலர்."

பத்ரிநாராயணன் சிரிக்கவில்லை. ஜென்சியின் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தார். ஒரு எட்டு எடுத்துவைத்து, மேல் அடுக்கிலிருந்து நாலு துணி, கீழிருந்து இரண்டு என்று உருவினார். "வெளிய வாங்கோ. டியூப் லைட்ல கலர் பொய் சொல்லும்."

கடை வாசலில், நடைபாதை வெயிலில், ஜென்சி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பத்ரிநாராயணன் ஒவ்வொரு துணியாகக் கைமேல் போட்டு, தலையைச் சாய்த்து, எடுத்தார். "இது காப்பி. சிவப்பு ஜாஸ்தி. இது சாக்லேட், டல் அடிக்கறது. இதைப் பாருங்கோ." ஐந்தாவது துணியைப் போட்டபோது, துணி எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று கிருபாவுக்கு ஒரு நொடி தெரியவில்லை. ஜென்சி மூச்சை உள்ளே இழுத்தாள்.

துணியை இறுக்கிப் பார்ப்பதற்காக அவர் கையை லேசாகத் திருப்பினார். முழங்கை மடிப்பு மேலே வந்தது. அவருடைய புருவம் சுருங்கியது. நல்ல பீஸில் கறை பார்த்த மாதிரி அந்த வட்டத்தை விரலால் காட்டினார்.

"நல்ல கெட்டிக் கலராச்சேம்மா. இங்க மட்டும் ஏன் சாயம் போயிருக்கு?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. தொழில்காரன் கேட்கிற கேள்வி. வெளுத்தது என்றால் அவருக்குச் சேதாரம், அவ்வளவுதான். ஜென்சி கையை இழுத்து, மற்ற கையால் அந்த இடத்தை மூடிக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைக் கிருபா பார்த்தாள். பார்க்காத மாதிரி பில் போடச் சொன்னாள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஹனீஃபா டெய்லர் ஜாக்கெட்டை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். "இன்னாக்கா, நாளைக்குக் கல்யாணத்த வச்சிகினு இன்னிக்கு எட்துகினு வர்றீங்கோ? முத்துல ஊசி பட்டா பேஜாரு" என்று புலம்பினார். புலம்பிக்கொண்டே பிரிக்கவும் ஆரம்பித்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜாக்கெட் தயார். பார்லரில் ஜென்சி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். வெள்ளை நெட்டுக்குள் அவளுடைய தோள், அவளுடைய கை. முத்துக்கள் பளிச்சென்று எழுந்து நின்றன. அவள் கிருபாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

இருந்தாலும் கிருபாவுக்கு நிம்மதி வரவில்லை. "அந்த பாக்கெட் என்னாச்சு?" என்றாள்.

"அம்மா பையிலதான் இருக்கும்க்கா. போனதும் சாக்கடையில கொட்டிடறேன்."

"ஐயோ, கொட்டாதீங்க! ஏரிக்குத்தான் போய்ச் சேரும். குப்பையிலயும் போடாதீங்க. பத்திரமா எடுத்து வையுங்க, நாளைக்கு நான் வரப்ப வாங்கிக்கிறேன்."

ஜென்சி தலையாட்டினாள். அவள் ஸ்கூட்டர் ஜங்ஷனில் திரும்புவதற்குள் கிருபாவுக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. மனசு மாறினால்? சொந்தக்காரப் பெண்கள் கூடுகிற வீடு. யாராவது ஒருத்தி, 'என்னடி இவ்ளோ டல்லா இருக்கே' என்று சொல்லிவிட்டால்? பாக்கெட் வீட்டிலேயே இருக்கிறதே. இரண்டு முறை போன் செய்தாள். "போடல, போடமாட்டேன், சத்தியம்க்கா" என்று ஜென்சி சிரித்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் மேக்கப் பெட்டியோடு அஸ்தினாபுரம் போய் இறங்கினாள். கதவைத் திறந்தது ஜென்சியேதான். குளித்த முகம், துளி சிவப்பில்லை, பளபளவென்று கறுப்பாக, தூங்கி எழுந்த முகம். கிருபா வாய்விட்டு "ஸ்தோத்திரம்" என்றாள். உட்கார வைத்து முகத்துக்கான மேக்கப்பைக் கலக்கத் தொடங்கினாள். மேக்கப் கம்பெனிகளின் ஷேடு கார்டில் கடைசிக் கட்டம்கூட ஜென்சிக்கு எட்டாது. அடர்த்தியான இரண்டு நிறத்தைச் சேர்த்துப் புறங்கையில் குழைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பொருந்தியது. நெற்றியிலிருந்து பூச ஆரம்பித்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

"அம்மா எங்கம்மா? அந்த பாக்கெட்ட வாங்கி முதல்ல என் பெட்டியில வச்சுடறேன்."

"பாத்ரூம்ல இருக்காங்க. ரொம்ப நேரமாச்சு."

தண்ணீர் ஓடுகிற சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. கிருபாவின் கையிலிருந்த பிரஷ் நின்றது. எழுந்து போய்க் கதவைத் தட்டினாள். "ஆன்ட்டி?" பதில் இல்லை. "ஆன்ட்டி, திறங்க." மறுபடியும் தட்டினாள். தாழ்ப்பாள் விலகியது.

ஈவ்லின் ஈரத் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு நின்றார். கிருபா துண்டைப் பிடித்து மெதுவாக விலக்கினாள். இரண்டு கன்னமும் வெந்து சிவந்து உப்பியிருந்தன. தாடையோரம் தோல் சுருங்கி நீர் கோத்திருந்தது. கழுத்தில் விரலால் இழுத்த மாதிரி நாலு கோடு.

"அம்மா!" பின்னாலிருந்து ஜென்சி அலறினாள்.

"கத்தாதடி, ஊர்க்காரங்க எழுந்துடுவாங்க" என்றார் ஈவ்லின். உதட்டை அசைக்கும்போது வலித்தது. "நீதான் போடலன்னு சொல்லிட்டே. வீணாத்தானே போகப்போகுதுன்னு நினைச்சேன். ஆல்பத்துல உன் பக்கத்துல நான்தானே நிக்கணும். அந்தப் பெரியம்மா மறுபடியும் ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்ப்பாங்க."

கிருபா குழாயடியில் அவரைக் குனிய வைத்துக் கை நிறையத் தண்ணீர் எடுத்து ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள், "எவ்ளோ நேரம் வச்சிருந்தீங்க ஆன்ட்டி?"

"அவளுக்குப் பத்து நிமிஷம்னு நீதானேம்மா சொன்ன." தண்ணீருக்கு நடுவே அவர் மூச்சு வாங்கினார். "நான் அவளவிடக் கறுப்பாச்சே. அதான் அரை மணி நேரம் வச்சேன்."

ஜென்சி அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். பாதி போட்ட மேக்கப் கண்ணீரில் கரைந்து ஈவ்லினின் புடவையில் ஒட்டியது.

இரண்டு நாள் அந்தப் பெஞ்சில் இந்த அம்மா உட்கார்ந்திருந்தார். 'உங்களுக்கு என்ன பண்ணணும் ஆன்ட்டி' என்று தான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது கிருபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அழக்கூட அவளுக்கு நேரமில்லை.

"டாக்டர்கிட்ட போகணும், இப்பவே" என்றாள்.

"கல்யாணம் முடியட்டும்மா. மேல லேசா பவுடர் போட்டு விடு, போதும்."

"ஒரு பொட்டு பவுடர்கூட இந்த மூஞ்சில படக் கூடாது. நான் விடமாட்டேன்." கிருபாவின் குரல் வழக்கம்போல நடுங்கியது. "ஜென்சி, எழுந்திரும்மா. ஆட்டோ கூப்பிடு. பத்தரைக்குத்தானே கல்யாணம்? பாதிரியார் காத்திருப்பார்."

ஜென்சி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தேடினாள். கிருபா தன் பெட்டியிலிருந்து கொதிக்கவைத்த பருத்தித் துணி ஒன்றை எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஈவ்லினின் வலது கன்னத்தில் வைத்தாள். அடுத்த துணியை எடுத்து நனைத்தாள்.